இங்கிலீஷ் வகுப்பின் சட்டதிட்டம் யாருடைய வீட்டுக்கு?

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்ததும் இங்கிலீஷ் வகுப்பில் முதல் நாள் பாடம் நடப்பதில்லை. சட்டதிட்டம்தான் வாசிக்கப்படுகிறது. நாலு கோடு நோட்டு ஒன்று, சாதா நோட்டு இரண்டு, அகராதி ஒன்று, எல்லாவற்றுக்கும் பிரவுன் அட்டை. தினம் பத்து வார்த்தை மனப்பாடம். வீட்டுப்பாடத்தின் கீழே தகப்பனார் கையெழுத்து. வகுப்பில் தமிழ் பேசினால் லீடர் பெயர் எழுதிக் கொள்வான். சில தனியார் பள்ளிகளில் அபராதமும் உண்டு. பையன் சாயங்காலம் வீட்டுக்கு வந்து இத்தனையையும் ஒப்பிக்கிறான். வயல் வேலைக்குப் போய்வந்து அடுப்பைப் பற்றவைக்கும் தாய் கேட்டுக் கொள்கிறாள். 'சரி' என்பதைத் தவிர அவள் என்ன சொல்ல முடியும்?

தோழர்களே! இந்தச் சட்டதிட்டம் எந்த வீட்டை மனதில் வைத்து எழுதப்பட்டது? மேஜையும் விளக்கும் உள்ள வீடு. இங்கிலீஷ் படித்த தகப்பனார் மாலை ஆறு மணிக்குத் திரும்பி வருகிற வீடு. நமது வீடு அல்ல. இரண்டாவது ஷிப்டுக்குப் போன தகப்பன் திரும்பும்போது பிள்ளை தூங்கிவிடுகிறது. அவன் போடும் கையெழுத்துக்கு என்ன அர்த்தம்? தான் வாசிக்க முடியாத காகிதத்தில் கையெழுத்துப் போடுவது நமக்குப் புதிதல்ல. லேவாதேவிக்காரனிடம் போட்டோம், மில் ஆபீசில் போட்டோம். இப்போது பிள்ளையின் நோட்டிலும் போடுகிறோம்!

ஒழுங்கே கூடாது என்று நாம் சொல்லவில்லை. நூல் மில் தொழிலாளிக்கு ஒழுங்கின் அருமையை யாரும் போதிக்க வேண்டியதில்லை. ரிங் பிரேமில் இழை அறுந்தால் அறுந்த அந்த நிமிஷமே ஒட்ட வேண்டும். 'வீட்டுக்குக் கொண்டு போய் ஒட்டிக் கொண்டு வா' என்று எந்த மேஸ்திரியும் சொன்னதில்லை. பிள்ளைக்கு மட்டும் வகுப்பில் அறுந்த இழையை வீட்டில் ஒட்டிக் கொண்டு வரும்படி உத்தரவு! ஒட்டத் தெரிந்தவர் வீட்டில் இல்லாவிட்டால் டியூஷனுக்குப் பணம் கட்ட வேண்டும். பணம் இல்லாதவன் பின்பெஞ்சுக்குப் போகிறான். சில வருஷத்தில் அவனுக்கு 'மக்கு' என்று பெயர். இது பிள்ளையின் குற்றமா?

இன்னொன்றையும் யோசியுங்கள். 1946-ம் ஆண்டின் நிலையாணைச் சட்டம், ஆலையின் விதிகளை இங்கிலீஷில் மட்டும் ஒட்டினால் போதாது, பெரும்பாலான தொழிலாளர்களுக்குப் புரியும் பாஷையிலும் வாசலருகே ஒட்ட வேண்டும் என்று சொல்லிற்று. முதலாளிக்கே அந்தக் கடமை இருந்தது. பத்து வயதுப் பிள்ளைக்கு வகுப்பின் விதி தெரிய வேண்டாமா? 'மே ஐ கம் இன்' என்று கோரஸாகக் கத்தத் தெரிந்தும், 'எனக்கு இது புரியவில்லை' என்று சொல்ல வழியில்லாத பிள்ளை எப்படிப் படிக்கும்? சந்தேகத்தைத் தமிழில் கேட்கும் உரிமை, முதல் விதியாகப் பலகையில் ஏற வேண்டும்.

'இங்கிலீஷே வேண்டாமே' என்று சிலர் சொல்லக் கூடும். அப்படிச் சொல்கிறவர்களில் பலர் தம் பிள்ளைகளை எங்கே சேர்த்திருக்கிறார்கள் என்று விசாரித்துப் பாருங்கள்! கோர்ட்டுத் தீர்ப்பும் கம்பெனிக் கடிதமும் இங்கிலீஷில் வந்து கொண்டிருக்கும்வரை நம் பிள்ளைகளுக்கு அது வேண்டும். தமிழும் வேண்டும், இங்கிலீஷும் வேண்டும். ஒன்றுக்கு அபராதம் போட்டு மற்றதைக் கற்றுத்தர முடியாது.

வாத்தியார் நமக்குப் பகைவர் அல்ல. அவரும் சம்பளத்துக்கு உழைப்பவர்தான். பல தொடக்கப் பள்ளிகளில் இரண்டு மூன்று வகுப்பை ஒருவரே கட்டி மேய்க்கிறார். அது போதாதென்று 'எமிஸ்' விவரம் ஏற்றும் வேலையும் அவர் தலையில்தான். அவரிடம் நாம் சண்டைக்குப் போகவில்லை. ஒரு யோசனையோடு போகிறோம். தினமும் முதல் பத்து நிமிஷம் அவர் உரக்க வாசிக்கட்டும். பிள்ளைகள் வரியில் விரல் வைத்துப் பின்தொடரட்டும். பிறகு இரண்டிரண்டு பேராக மாறி மாறி வாசிக்கட்டும். புது வார்த்தை ஐந்து போதும். தமிழ் அர்த்தத்தோடு பலகையில் இருக்கட்டும். எழுத்து வேலையை வகுப்பிலேயே ஆரம்பித்து, தப்பை அங்கேயே திருத்தட்டும். அகராதியை ஒவ்வொரு பிள்ளையும் வாங்குவானேன்? நாலு பிரதி பீரோவில் இருந்தால் வகுப்பு முழுவதற்கும் ஆகும்.

இது பிச்சை கேட்பதல்ல. 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பிள்ளையை அடிப்பதையும் மனதைப் புண்படுத்துவதையும் தடை செய்கிறது. தமிழ் பேசியதற்குப் பெயர் எழுதி நிற்க வைப்பது மனதைப் புண்படுத்துவது இல்லாமல் வேறென்ன? பிள்ளையின் படிப்பு எப்படியிருக்கிறது என்று ஆசிரியர் பெற்றோரைக் கூட்டிச் சொல்ல வேண்டும் என்றும் அதே சட்டம் கூறுகிறது. சர்க்கார் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். ஆனால் அந்த நாற்காலிகளில் பல ஊர்களில் உட்கார்ந்திருப்பது யார்? காண்டிராக்டரும் மிராசுதாரின் மருமகனும்! நாம் போகாததால் அவர்கள் போகிறார்கள்.

இரண்டாவது ஷிப்டுத் தோழர்கள் காலையில் போகலாம். விவசாயத் தொழிலாளப் பெண்களுக்கு ஒரு நாள் கூலி போகும். அதனால் கூட்டத்தை வேலை முடிந்த சாயங்காலத்தில் வைக்கும்படி தலைமையாசிரியரிடம் சங்கக் கிளை இந்த வாரமே எழுதிக் கொடுக்க வேண்டும். போகும்போது பிள்ளையின் நோட்டையும் கையில் எடுத்துக் கொள்ளுங்கள்.