முதியோரைப் பேணும் கைகளுக்கு யார் துணை?

தாராவி 90 அடி ரோட்டுப் பக்கம் குடியிருக்கும் நம் சகோதரி ஒருவர், தினமும் காலை ஏழு மணிக்கு மாதுங்காவில் ஒரு வீட்டுக்குள் நுழைகிறார். பக்கவாதத்தில் படுத்துவிட்ட பெரியவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, மலஜலம் எடுத்து, இரவு ஏழு மணிக்கு வெளியே வருகிறார். பன்னிரண்டு மணி நேர டூட்டி. அவரை அனுப்பிய பீரோ கொடுத்த பயிற்சி ஒரு வெள்ளைக் கோட்டு மட்டுமே. கமிஷனை மட்டும் மாதம் தவறாமல் பிடித்துக்கொள்கிறது. அவருடைய மாமியாரோ சென்ற மழைக்காலத்தில் பரண் ஏணியில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, இங்கே ஒற்றை அறையில் கிடக்கிறார். அவரைப் பார்த்துக்கொள்ள ஒன்பதாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த பேத்தி பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டாள்.

இந்தக் கதை ஒரு வீட்டோடு நிற்கவில்லை என்பது நமது வாசகர்களுக்குத் தெரியும். ஊருக்கு அனுப்பிவிடலாமே என்பவர்கள், திருநெல்வேலிச் சீமையில் அந்தக் கிழவிக்குத் தண்ணீர் மொண்டு கொடுக்க யார் மிச்சமிருக்கிறார்கள் என்று யோசித்துப் பார்க்கட்டும்.

“பெற்றவர்களைப் பார்த்துக்கொள்வதற்குக்கூடப் படிப்பா?” என்று நம்மவர்களே கேட்கிறார்கள். ஆம், படிப்பு வேண்டும் என்கிறோம். பாசம் இருக்கிறது, பக்குவம் தெரியவில்லை. அசைய முடியாமல் கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகிலும் குதிகாலிலும் படுக்கைப்புண் வரும். தோல் சிவந்த இடத்தை எண்ணெய் விட்டு அழுத்தித் தேய்ப்பது நம் வீடுகளில் வழக்கம். அதனால் புண் சீக்கிரமாகவே வரும். மல்லாந்து கிடப்பவர் வாயில் கஞ்சியை ஊற்றினால் அது மூச்சுக்குழாய்க்குள் போய் நிமோனியாவில் கொண்டுவிடும். நிமிர்த்தி உட்காரவைத்து ஊட்டி, அதன் பிறகும் அரைமணி நேரம் உட்கார்த்தியே வைக்கவேண்டும். தனி ஆளாகத் தூக்கித் தூக்கி, நாற்பது வயதுக்குள் நடுமுதுகு போன பெண்கள் நம் சங்கத்திலேயே இருக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாகவேண்டும். பொதுக் கக்கூஸில் வரிசையில் நிற்கப் பயந்து நம் கிழவிகள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். அதனால் சிறுநீரில் கிருமி சேர்ந்து, நேற்று வரை நன்றாகப் பேசியவர் இன்று ஆளை அடையாளம் தெரியாமல் உளறுகிறார். புத்தி பேதலித்துவிட்டது என்று ஒரு வீட்டிலும், காத்து கருப்பு என்று இன்னொரு வீட்டிலும் முடிவு கட்டிவிடுகிறார்கள். திடீரென்று வரும் தடுமாற்றம் பெரும்பாலும் உடம்பு நோயின் அறிகுறி, உடனே டாக்டரிடம் காட்டவேண்டும் என்ற ஒரு சேதி தெரிந்திருந்தால் பிழைத்திருக்கக்கூடியவர்கள் உண்டு.

சர்க்கார் என்ன செய்திருக்கிறது? 2007-ஆம் ஆண்டுச் சட்டம், முதியோரைக் கைவிட்டவருக்கு மூன்று மாதம் வரை சிறை என்கிறது. நல்லது. கைவிடாமல் பார்த்துக்கொள்கிறவளுக்கு அதில் என்ன இருக்கிறது? 2019 டிசம்பரில் மக்களவைக்கு வந்த திருத்த மசோதா, வீடுகளுக்கு ஆள் அனுப்பும் நிறுவனங்கள் பதிவு செய்துகொள்ளவேண்டும், பயிற்சி பெற்றவர்களையே அனுப்பவேண்டும் என்றது. 2024-ல் அந்த மக்களவை கலைந்தபோது மசோதாவும் காலாவதியாயிற்று. அதே 2024-ல் எழுபது வயது தாண்டிய எல்லோருக்கும் ஐந்து லட்ச ரூபாய் வரை இலவச மருத்துவம் என்று அறிவித்தார்கள். வரவேற்கிறோம். ஆனால் அது ஆஸ்பத்திரிக் கட்டிலோடு சரி. டிஸ்சார்ஜ் ஆன பிறகு வீட்டுப் பாயருகே யாரும் வருவதில்லை.

விடுப்பு மனுக்களைப் பார்ப்பதே நமக்கு அலுவலகத்தில் பிழைப்பு. மத்திய அரசு ஊழியரான தாய்க்குப் பிள்ளையைப் பார்க்கப் பணிக்காலத்தில் 730 நாள் விடுப்பு உண்டு. போராடிப் பெற்ற உரிமை. அதைக் குறை சொல்லவில்லை. படுக்கையில் கிடக்கும் தாயைப் பார்க்க அப்படியொரு தனி விடுப்பு கிடையாது. நிரந்தர உத்தியோகஸ்தன் நிலையே இதுவென்றால், தினக்கூலிக்காரன் எங்கே போவான்?

கேரளத்தைப் பாருங்கள். கோழிக்கோட்டில் 1993-ல் சில டாக்டர்கள் தொடங்கிய வேலை, பின்னர் மலப்புறத்தில் அக்கம்பக்கத்தார் கையில் போய்ச் சேர்ந்தது. சாதாரண மக்கள் பயிற்சி பெற்று, படுத்த படுக்கையாய் இருப்பவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கிறார்கள். 2008-ல் கேரள அரசு அதைக் கொள்கையாகவே அறிவித்தது. அங்கே ஆனது இங்கே ஏன் ஆகாது? ஒரு சாவு விழுந்தால் கால் மணி நேரத்தில் நூறு பேர் கூடுகிற சந்துகள் நம்முடையவை. உயிரோடு கிடக்கும்போது இரண்டு மணி நேரம் போய் உட்கார ஆள் இல்லையா?

பீரோக்களைப் பதிவு செய், கமிஷனுக்கு வரம்பு கட்டு, வார விடுமுறை கொடு, வார்டுதோறும் பயிற்சி வகுப்பு நடத்து என்று மாநகராட்சியிடமும் மாநில அரசிடமும் மனுக் கொடுக்கச் செயற்குழு தீர்மானித்திருக்கிறது. மனுவுக்குப் பதில் வரும் வரை நாம் கையைக் கட்டிக்கொண்டிருக்கப் போவதில்லை. அந்தப் பேத்தி வரும் ஜூனில் மறுபடி பள்ளிக்குப் போகவேண்டும். அவள் வீட்டில் முறை வைத்து உட்கார ஐந்து பெண்கள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். ஆண்கள் ஒருவரும் இதுவரை கொடுக்கவில்லை.

ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் நமக்காக ஞாயிறுதோறும் மாலை 4 மணிக்குச் சங்க அறையில் வகுப்பு எடுக்க இசைந்திருக்கிறார். கட்டணம் இல்லை. வருகிறவர்கள் பழைய வேட்டி ஒன்று கொண்டுவரவும். அதை நாலாக மடித்து இடுப்புக்கடியில் விரித்து, நோயாளியை இரண்டு பேராகப் புரட்டுவது எப்படி என்பதுதான் முதல் பாடம்.