பெயரில்லாத முகம்

ஒரு முகத்தை எத்தனை முறை அச்சிட்டால் அது முகமாக இல்லாமற் போகும்? இந்த வினாவை ஓவியத்தில் எழுப்பியவர் அமெரிக்கக் கலைஞர் ஆன்டி வோர்ஹோல். 1962ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் திரைநடிகை மர்லின் மன்றோ காலமானார். அதன்பின், 1953இல் வெளிவந்த 'நயாகரா' படத்தின் விளம்பரத்துக்காக எடுத்த அவருடைய புகைப்படமொன்றைப் பட்டுத்திரை அச்சு முறையில் ஒரே சித்திரத்தில் 50 தடவை பதித்தார் வோர்ஹோல். இடப்புறத்து 25 முகங்களும் பளீரென்ற வர்ணத்தில் மின்னுகின்றன. வலப்புறத்து 25 முகங்களும் வெறுங் கறுப்பு மை. சிலவற்றில் மை அப்பிக் கிடக்கிறது, சில வெளிறி மறைகின்றன. அதே ஆண்டிலேதான் சூப் டப்பாக்களையும் அவர் வரிசை வரிசையாக வரைந்து காட்டினார். சந்தைச் சரக்கும் பெண்ணின் முகமும் ஒரே விதமாகப் பெருக்கப்படும் காலம் வந்துவிட்டது என்பதை அவர் சொல்லாமற் சொன்னார்.

அமெரிக்கச் சங்கதி ஊவா மலைகளுக்கு எதற்கு என்று அன்பர்கள் கேட்கலாம். இந்த வித்தை நமக்குப் புதியதன்று, மிகப் பழையது. 1890இல் இலங்கைக்கு வந்த தோமஸ் லிப்டன் அப்புத்தளைக்கு அருகே தம்பேதன்னத் தோட்டத்தை வாங்கினார். தோட்டத்திலிருந்து நேரே தேநீர்க் குவளைக்கு என்பது அவருடைய வியாபார மந்திரம். அந்த மந்திரத்துக்கு உருவம் தந்தவள் கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண். அவளுடைய சித்திரம் தேயிலைப் பொதிகளிலும் விளம்பரங்களிலும் ஏறிக் கடல் கடந்து சென்றது. பிற வணிகரும் அவ்வழியே சென்றனர். மர்லினின் முகம் பட்டுத்திரையில் விழுவதற்கு அறுபது எழுபது ஆண்டுகள் முன்னரே நம் பெண்ணின் முகம் சரக்கோடு சரக்காகிவிட்டது.

அந்தச் சித்திரம் எத்தகைய பெண்மையைக் காட்டுகிறது? அவள் என்றும் இளையவள். மூக்குத்தி மின்ன முறுவலிப்பவள். மலைச்சரிவில் தனியே நிற்பவள். அவள் இடையில் படங்கு இல்லை. காலில் அட்டை கடித்த தழும்பு இல்லை. பிள்ளைக்காம்பராவில் விட்டுவந்த குழந்தையை அவள் நினைப்பதாகத் தெரியவில்லை. கொழுந்து நிறுக்கும் தராசும் கணக்கப்பிள்ளையும் சட்டத்துக்கு வெளியே நிற்கின்றனர். உழைப்பு அங்கே அலங்காரமாகிவிடுகிறது. 1984 வரையில் தோட்டத்துப் பெண்ணுக்கு ஆணுக்கு நிகரான கூலி இல்லை. 2021இல் நாட்கூலி 1,000 ரூபா என்றும், 2024இல் 1,350 ரூபா என்றும் நிர்ணயிக்கப்படுவதற்குள் எத்தனை போராட்டம், எத்தனை பேச்சுவார்த்தை! அந்த ஆண்டுகளிலெல்லாம் பொதியிலிருந்த பெண் மட்டும் சிரித்தபடியே இருந்தாள்.

வோர்ஹோலுக்கும் விளம்பரக்காரருக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் எனக்குப் புலப்படுகிறது. வோர்ஹோல் முகமூடியை முகமூடி என்றே காட்டினார். வர்ணம் உதட்டை விட்டு விலகிப் பூசப்பட்டிருப்பதைக் கண்டவன், இது பெண்ணல்ல, பெண்ணைப் பற்றிச் சந்தை கட்டிய கற்பனை என்று உணர்ந்துகொள்வான். பொதியின் சித்திரமோ முகமூடியையே முகமென்று நம்பச் சொல்கிறது. மற்றொன்றும் உண்டு: மர்லினுக்குப் பெயர் இருந்தது. நம் பெண்ணுக்கு அதுவும் இல்லை.

பழியை வணிகர்மீது மட்டும் போட்டுவிட்டு நாம் ஒதுங்கிவிட முடியுமா? நம் கவிதைகளும் கதைகளும் அவளை அழவைத்தே பழகிவிட்டன. தேயிலைத் தூரடியில் வாடுபவள், தியாகத் தாய், ஊமைக் கண்ணீர்: இவையும் அச்சுக்களே. ஒருவன் அவளைச் சிரிக்க வைத்து விற்றான். நாம் அவளை அழவைத்துப் பாடினோம். இரண்டிலும் அவள் வாய் திறந்து பேசவில்லை.

பேசிய பெண்கள் இல்லாமலில்லை. கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மையார் தோட்டத் தொழிலாளர் கூட்டங்களில் தாமே பாட்டுக்கட்டிப் பாடியவர். 1940இல் அவருடைய பாடல்கள் நூலாகவும் வந்தன. உரிமை கேட்ட அந்தக் குரலை எந்தப் பொதியும் அச்சிடவில்லை. நம் பாடநூல்களில் மட்டும் அதற்கு எவ்வளவு இடம் கிடைத்தது?

தோட்டத்துப் பேச்சில் 'பேர்' என்றால் ஒரு நாட் கூலி. குறித்த நிறைக்குக் கொழுந்து எடுக்காதவளுக்கு 'அரைப் பேர்' விழும். உலகம் முழுவதும் முகம் அறியப்பட்ட ஒருத்திக்கு, பெயர் என்பது செக்ரோலில் இடும் கணக்காக மட்டுமே நின்றுவிட்டது. இதைவிடக் கொடிய நகை வேறென்ன?

இன்று எல்லவுக்கும் அப்புத்தளைக்கும் வரும் உல்லாசப் பயணிகள் கூடையோடு நிற்கும் பெண்களைக் கைத்தொலைபேசியில் படமெடுத்துச் செல்கின்றனர். பழைய பொதிச் சித்திரம் இப்போது நாளொன்றுக்கு ஆயிரம் படியாகப் பெருகுகிறது. அதைத் தடுக்க நம்மால் ஆகாது. ஆனால் பதுளையிலும் பசறையிலும் பண்டாரவளையிலும் சித்திரம் கற்பிக்கும் ஆசிரியர்களால் ஒன்று ஆகும். கொழுந்து பறிக்கும் பெண்ணை வரை என்று மாணவியிடம் சொல்லாதீர்கள். உன் தாயை வரை என்று சொல்லுங்கள். வரைந்த படத்தின் கீழே அந்தத் தாயின் பெயரை, அரையாக அன்றி முழுதாக, எழுதச் சொல்லுங்கள்.