பிளேயரை மாற்ற முதல்

அப்பாவின் பழைய சிடி பிளேயருக்குப் பதிலாக 600 டொலருக்குப் புதிது ஒன்று வாங்கிக் கொடுத்தேன். இளையராஜா பாட்டு ஒன்றைக் கேட்டுவிட்டு, "அதே சத்தம்தானே தம்பி" என்றார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் அவர் சொன்னது சரி.

சிடியில் ஒலி நொடிக்கு 44,100 மாதிரிகளாக, ஒவ்வொன்றும் 16 பிட்டாகப் பதிவாகியிருக்கிறது. 1982இல் முதல் பிளேயர் விற்பனைக்கு வந்தபோதும் இதே கணக்குத்தான். அதை ஒலியாக்கும் சிப் இன்று மலிவான பிளேயரில்கூடத் துல்லியமானது. லேசர் தேய்ந்து பாட்டு துள்ளினால் மாற்றுங்கள். இல்லாவிட்டால் காசை ஸ்பீக்கருக்கு வையுங்கள்.

முதலில் இறுவட்டைப் பாருங்கள். எங்கள் வீட்டு அடுக்கில் பாதி, எம்பி3இலிருந்து பிரதி எடுத்து விற்றவை. எம்பி3 ஆக்கும்போது வெட்டி எறிந்த ஒலியை எந்தப் பிளேயரும் திருப்பித் தராது.

பிளேயரைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஜூலை 1, மொன்றியல் முழுக்க வீடு மாறும் நாள். நடைபாதையில் ஸ்பீக்கர்கள்கூடக் கிடக்கும். (மூட்டைப்பூச்சி பார்த்துத் தூக்குங்கள்!) ஒரு சோடி கிடைத்தது. சுவரைவிட்டு இரண்டு அடி தள்ளிவைத்து, பழைய பிளேயரில் அசல் சிடி ஒன்றைப் போட்டேன்.

"இப்பதான் தபேலா விளங்குது" என்றார் அப்பா.