தவறைக் கழித்தால் நியாயம் வந்துவிடுமா?

முரசும் பித்தளைக் குழல்களும் வாசித்தபடி அணிவகுக்கும் அமெரிக்க டிரம் கோர் குழுக்களின் போட்டிகளில் ஜெயிப்பது நிகழ்ச்சியின் வடிவமைப்பாளர்தான், வெயிலில் வியர்வை சிந்தும் பிள்ளைகள் அல்ல. ஆகவே பிழைக்குப் பிழை புள்ளி கழிக்கும் பழைய ‘டிக்’ முறையே நியாயம் என்கிறார்கள் சிலர். இதை என்னால் ஏற்க முடியாது.

1983 வரை அந்த முறைதான் இருந்தது. ஒரு தவறுக்குப் பத்தில் ஒரு புள்ளி போகும். அதனால் தவறு நேராத எளிய வேலையே பாதுகாப்பானது என்றானது. நின்ற இடத்திலேயே ஸ்னேர் முரசு வாசிக்கும் வரிசையையும், எட்டுத் தப்படியில் ஐந்து கெஜம் பின்னோக்கி நடந்தபடி அதையே வாசிக்கும் வரிசையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பின்னதில் ஒரேயொரு குச்சி விளிம்பில் பட்டு ‘டக்’கென்று கேட்டால், அதற்காக அந்த வரிசை கீழே போக வேண்டுமா?

இன்றைய மதிப்பெண் தாள் இரண்டு கேள்விகளைச் சேர்த்தே கேட்கிறது: என்ன செய்தார்கள், எவ்வளவு நன்றாகச் செய்தார்கள்? நூறில் நாற்பது புள்ளி பெறும் ‘பொது விளைவு’ப் பிரிவிலும் நிகழ்த்தலுக்குப் பங்கு உண்டு. வடிவமைப்புக்கான மதிப்பெண்கூட காகிதத்துக்குக் கிடைப்பதல்ல. வரிசை சிதறினால் வளைகோடு கண்ணில் படாது. அடி பிசகினால் தாள நுணுக்கம் காதில் விழாது. பிள்ளைகள் செய்துகாட்டினால்தான் வடிவமைப்பே உயிர் பெறுகிறது.

வசதியுள்ள குழுக்களுக்கே சிறந்த வடிவமைப்பாளர்கள் கிடைக்கிறார்கள் என்ற குறை உண்மைதான். அதைப் பணப் பங்கீட்டில் சரிசெய்யுங்கள். துணிந்து கடினமானதைத் தொட்ட பிள்ளையைத் தண்டித்துச் சரிசெய்யாதீர்கள்.