முதலில் கேள்வி, பிறகு ஸ்பானர்

மாணவர்களே, பழைய பொருள்களைப் புதுப்பிக்கும் காணொளிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தொடக்கத்தில் துருப்பிடித்த ஓர் இரும்புக்கூடு தெரியும். பத்தே நிமிடத்தில் அது கண்ணாடிபோல் மின்னும். 1970ஆம் ஆண்டுவாக்கில் அமெரிக்காவில் விற்பனையான ‘சாப்பர்’ பாணி மினிபைக்குகளும் இத்தகைய காணொளிகளில் தலைகாட்டுவதுண்டு. பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால், அவற்றில் பலவற்றை நான் ‘புதுப்பித்தல்’ என்று ஏற்கமாட்டேன். ஏன் என்பதை இவ்வாரம் சொல்கிறேன்.

முதலில் வண்டியைத் தெரிந்துகொள்வோம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் கலிஃபோர்னியா இளைஞர்கள் மோட்டார் சைக்கிளில் தேவையில்லை என்று நினைத்த பாகங்களை வெட்டி எறிந்தார்கள். ‘சாப்’ என்றால் வெட்டு. அதனால் அது ‘சாப்பர்’ ஆனது. பின்னர் முன்சக்கரத்தைத் தாங்கும் கவையை நீட்டிச் சாய்த்தார்கள். 1969இல் வந்த ‘ஈசி ரைடர்’ திரைப்படம் அந்தத் தோற்றத்தை உலகறியச் செய்தது. சிறுவர்களும் அதற்கு ஆசைப்பட்டனர். நிறுவனங்கள் இரும்புக் குழாய்களை வளைத்துச் சட்டம் செய்து, புல்வெட்டும் கருவி போன்றவற்றில் பயன்பட்ட சிறிய எஞ்சினை அதில் பொருத்தி விற்றன. பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன், டெக்கம்சே ஆகிய நிறுவனங்களின் எஞ்சின்கள் அதிகம் பயன்பட்டன. விளக்கு, சமிக்ஞை எதுவும் இல்லாத அந்த வண்டி சாலைக்கானதன்று. வீட்டுப் பின்புறத்தில் ஓட்டுவதற்கானது.

இவ்வளவு எளிய வண்டிக்குள் எவ்வளவு அறிவியல் இருக்கிறது பாருங்கள். இதில் கியர் இல்லை, கிளட்ச் பிடியும் இல்லை. எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது வண்டி நகராது. வேகம் கூடியதும் கிளட்சுக்குள் இருக்கும் சிறு எடைகள் வெளிநோக்கி விலகி, சுற்றியிருக்கும் உருளையை அழுத்திப் பிடிக்கின்றன, வண்டி கிளம்புகிறது. உங்கள் வீட்டுக் கப்சாயில் இடக்கைக்குக் கிளட்ச் பிடி ஏன் இல்லை என்று யோசித்ததுண்டா? 1958இல் வந்த ஹோண்டா சூப்பர் கப்பும் இதே தத்துவத்தைத்தான் பயன்படுத்தியது. பேட்டரியும் இதில் கிடையாது. சுழலும் சக்கரத்தில் பதித்த காந்தம் ஒரு கம்பிச் சுருளைக் கடந்து செல்லும்போது மின்சாரம் பிறக்கிறது. ஃபாரடேயின் மின்காந்தத் தூண்டல்தான் அது.

இனி என் வாதத்துக்கு வருகிறேன். பல ஆண்டுகள் கொட்டகையில் கிடந்த எஞ்சின் கிளம்பாவிட்டால், “செத்துவிட்டது” என்று சொல்லித் தூக்கிப் போடுகிறார்கள். பெரும்பாலும் குற்றவாளி யார் தெரியுமா? மின்சாரத்தைத் திறந்து மூடும் இரு சிறு உலோக முனைகள். காற்றுப்பட்டு அவற்றின்மேல் மெல்லிய ஆக்சைடு படலம் படிந்திருக்கும். கண்ணுக்கே சரியாகத் தெரியாத அப்படலம் மின்னோட்டத்தைத் தடுத்துவிடும். முனைகளைத் துடைத்தால் பொறி வந்துவிடும். ஐந்து நிமிட வேலைக்காக ஒரு நல்ல எஞ்சினைக் குப்பையில் போடுவது நியாயமா?

இன்னோர் எடுத்துக்காட்டு. பிரிக்ஸ் எஞ்சினில் சுழல்சக்கரத்தைத் தண்டோடு இணைக்கும் சாவி போன்ற ஒரு சிறு துண்டு உண்டு. அது மென்மையான அலுமினியத்தால் ஆனது. ‘இவ்வளவு பலவீனமாக இருக்கிறதே’ என்று சிலர் அங்கே எஃகுத் துண்டை வைத்துவிடுகிறார்கள். புல்வெட்டியின் கத்தி கல்லில் மோதித் திடீரென நின்றால், அந்தத் துண்டு அறுந்து விலையுயர்ந்த தண்டைக் காப்பாற்ற வேண்டும். அதற்காகவே அதை மென்மையாகச் செய்தார்கள். நமக்குப் பலவீனமாகப் பட்டது பொறியாளர் யோசித்துச் செய்த பாதுகாப்பு!

இதைவிட ஆபத்தான தவறு ஒன்று இருக்கிறது. இந்த எஞ்சின்களில் ‘கவர்னர்’ எனும் வேகக் கட்டுப்படுத்தி உண்டு. அது நிமிடத்துக்குச் சுமார் 3,600 சுற்றுக்கு மேல் போக விடாது. ‘வண்டி சீறவில்லை’ என்று அதைக் கழற்றி விடுகிறார்கள். ஒரு கணக்குப் போடுவோம். முன் பல்சக்கரத்தில் 12 பல், பின்னதில் 72 பல் என்றால் எஞ்சின் 6 முறை சுற்றும்போது சக்கரம் ஒரு முறை சுற்றும். 3,600 சுற்றுக்குச் சக்கரம் 600 சுற்று. சக்கரத்தின் விட்டம் 30 செண்டிமீட்டர் என்றால் வேகம் மணிக்குச் சுமார் 34 கிலோமீட்டர். கட்டுப்பாடு இல்லாமல் எஞ்சின் 5,400 சுற்றை எட்டினால் வேகம் 51 கிலோமீட்டர். ஒன்றரை மடங்குதானே என்கிறீர்களா? இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். ஆக, பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் 2.25 மடங்கு! இவற்றில் சில வண்டிகளுக்குப் பிரேக் என்பது டயரை உரசும் ஓர் இரும்புத் தகடு மட்டுமே. சுழல்சக்கரத்தின் மீதுள்ள இழுவிசையும் அதே 2.25 மடங்காகும். அது சிதறினால் துண்டுகள் ஓட்டுநரின் கால் பக்கம்தான் பறக்கும்.

சாய்ந்த கவைக்கும் கணக்கு உண்டு. கவையின் கோட்டைத் தரைவரை நீட்டினால், சக்கரம் தரையைத் தொடும் இடத்துக்கு முன்னால் அது தரையைத் தொடும். எளிய அமைப்பில் இந்த இடைவெளி, சக்கரத்தின் ஆரத்தைச் சாய்கோணத்தின் டேன் மதிப்பால் பெருக்கினால் கிடைக்கும். ஆரம் 15 செண்டிமீட்டர், சாய்வு 25 பாகை என்றால் 7 செண்டிமீட்டர். 45 பாகை என்றால் 15 செண்டிமீட்டர். இடைவெளி கூடினால் நேராக ஓடும்போது வண்டி நிலையாக இருக்கும். மெதுவாகத் திரும்பும்போதோ ஹேண்டில் கனத்து ஒரு பக்கமாகச் சாயும். இது தெரியாமல் ‘இன்னும் கொஞ்சம் நீட்டுவோம்’ என்று சட்டத்தை வெட்டி ஒட்டுவது விளையாட்டல்ல.

“பழைய எஞ்சினுக்கு உதிரிபாகம் எங்கே கிடைக்கும்? டெக்கம்சே 2008இல் எஞ்சின் தயாரிப்பையே நிறுத்திவிட்டதே. புதிய எஞ்சின் மலிவு, புகையும் குறைவு” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். புதிய எஞ்சினைப் பொருத்துவதை நான் எதிர்க்கவில்லை. ஆனால், சட்டத்தை வெட்டாமல், திருகாணியால் மட்டும் பொருத்துங்கள். பழைய எஞ்சினைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். அருங்காட்சியகங்களில் பழம்பொருள்களைப் பேணுவோரும் இந்த நெறியைத்தான் மதிக்கிறார்கள். நாம் செய்ததை நாளை இன்னொருவர் மாற்றியமைக்க முடிய வேண்டும்.

பழையதை அப்படியே விட்டுவைக்கக் கூடாத இடங்களும் உண்டு. பிரேக்கை மேம்படுத்தத் தயங்க வேண்டாம். அக்காலப் பிரேக் பட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். அந்தத் தூசியை ஊதவே கூடாது. வீட்டுப் பயன்பாட்டுச் சாயங்களில் ஈயத்தை அமெரிக்கா 1978இல்தான் தடை செய்தது. அதற்கு முந்தைய சாயத்தைக் காய்ந்த நிலையில் தேய்த்தால் ஈயத்தூள் மூச்சில் கலக்கும். சலவைச் சோடாக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சித் துரு அகற்றுவோர், நேர்முனையில் துருப்பிடிக்கா எஃகை வைக்கக் கூடாது. அதிலுள்ள குரோமியம் நச்சாகக் கரைந்து வரும். உயிரைக் காக்கும் மாற்றமென்றால் செய்யலாம். பெருமைக்கான மாற்றமென்றால் ஒருமுறை யோசிக்கலாம்.

அரை நூற்றாண்டுக்கு முன் ஒரு சிறுவன் ஓட்டிய வண்டியில் அவன் முழங்கால் உரசித் தேய்ந்த சாயம் இருக்கும். குரோம் பூசினால் அது போய்விடும். ஒரு பாகத்தின் காரணம் புரியாமல் மாற்றினாலோ, அதைச் செய்தவரின் அறிவே போய்விடும்.

உங்கள் வீட்டிலும் ஓடாத மின்விசிறியோ தாத்தாவின் வானொலியோ இருக்கலாம். மின்இணைப்பைத் துண்டித்துவிட்டு, பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திறந்து பாருங்கள். ஒவ்வொரு பாகத்தையும் பார்த்து, “நீ ஏன் இங்கே இருக்கிறாய்?” என்று கேளுங்கள். பதில் கிடைத்த பிறகு ஸ்பானரை எடுங்கள்.