ஒரு பிள்ளைக்கு ஒரு திட்டம்!

நாமக்கல் என்றதும் லாரியும் கோழிப்பண்ணையும் நினைவுக்கு வரும். மார்க் வாங்க வைக்கும் பள்ளிக்கூடங்களும் நினைவுக்கு வரும். வெளியூர்ப் பிள்ளைகள்கூட அங்கே தங்கிப் படிக்கிறார்கள்.

அதே சீமையில், காது கேளாத பிள்ளை எப்படிப் படிக்கும்? நடக்க முடியாத பிள்ளை எங்கே போகும்?

"பாவம்! வீட்டோடு இருக்கட்டும்" என்று சொல்கிறவர்கள் இன்னும் உண்டு. இது தவறு. பரிதாபம் சோறு போடும். எழுத்துக் கற்றுத் தராது.

சட்டம் சொல்வது என்ன?

மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ம் ஆண்டு வந்தது. 1995-ம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகளே இருந்தன. இப்போது 21 வகை. படிக்கவும் எழுதவும் தடுமாற வைக்கும் கற்றல் குறைபாடும் இதில் சேர்ந்துள்ளது.

40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள பிள்ளைக்கு, 6 வயது முதல் 18 வயது வரை படிப்பு இலவசம். பக்கத்துப் பள்ளிக்கும் போகலாம். சிறப்புப் பள்ளிக்கும் போகலாம்.

உதவி எங்கே?

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் ஒன்றியம்தோறும் வட்டார வள மையம் இருக்கிறது. சிறப்பாசிரியர்கள் அங்கிருந்து பள்ளிகளுக்கு வருகிறார்கள். மருத்துவ முகாம் நடக்கிறது. பள்ளிக்கு வர முடியாத பிள்ளைக்கு வீட்டிலேயே பயிற்சி உண்டு.

ஆனால் ஆசிரியர்கள் போதாது. தொடக்கப் பள்ளியில் இத்தகைய பிள்ளைகள் 10 பேருக்கு ஒரு சிறப்பாசிரியர், மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2021-ல் கூறியது. அதற்கான பணியிடங்களை அறிவிக்கும்படி 2025-ல் மாநிலங்களுக்கு மறுபடியும் உத்தரவிட்டது.

திட்டம் எப்படி இருக்க வேண்டும்?

ஒரே மருந்து எல்லா நோய்க்கும் ஆகாது. அதுபோல, ஒரே திட்டம் எல்லாப் பிள்ளைக்கும் ஆகாது. இந்தப் பிள்ளையால் இன்று என்ன முடியும்? ஆறு மாதத்தில் என்ன கற்க வேண்டும்? யார் கற்றுத் தருவது? எப்போது சரிபார்ப்பது? இவற்றைப் பிள்ளைக்குப் பிள்ளை தனியாக எழுத வேண்டும். அமெரிக்காவில் 1975-ம் ஆண்டுச் சட்டமே இப்படித் தனித் திட்டம் கேட்டது. அதில் பெற்றோருக்கும் இடம் தந்தது.

இங்கேயும் அதை எழுதும்போது தாய் பக்கத்தில் இருக்க வேண்டும். பிள்ளை எதற்குச் சிரிக்கும், எதற்கு மிரளும் என்பது அவளுக்குத்தான் தெரியும். தறிக்கும் வயலுக்கும் போகிறவர்களுக்கு ஒரு நாள் லீவு என்றால் ஒரு நாள் கூலி போச்சு! ஆகவே அவர்களுக்கு ஒழிந்த நேரத்தில் கூட்டம் வைக்க வேண்டும். படிக்கத் தெரியாத தாய்க்கு வாசித்துக் காட்ட வேண்டும். கைநாட்டு மட்டும் வாங்கிக் கொள்வது திட்டம் ஆகாது!

நூற்றுக்கு நூறு வாங்கும் பிள்ளையை ஊர் கொண்டாடட்டும். தன் பெயரை முதன்முதலாக எழுதும் பிள்ளையையும் கொண்டாடட்டும்.

பெற்றோர்களே, கூச்சப்படாமல் தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள்: "எங்கள் பிள்ளைக்கு எழுதிய திட்டம் எங்கே?"