ஒளிமானி வாங்கும் முன்



சென்ற மாதம் ஒரு மாலை வேளையில் இளைஞர் ஒருவர் தம் தாயாருடன் நம்மைக் காண வந்தார். திருமணங்களில் நிழற்படமும் வீடியோவும் எடுத்துப் பிழைப்பவர் அவர். கையில் பிடித்து ஒளியை அளக்கும் லைட் மீட்டர், அதாவது ஒளிமானி, ஒன்று வாங்க விரும்பினார். அதற்காகத் தாயாரின் சங்கிலியை அடகு வைக்கலாமா என்பதே பேச்சு. "கேமராவுக்குள்ளேயே மீட்டர் இருக்கிறதாமே சாமி, இன்னொன்று எதற்கு?" என்று கேட்டார் தாயார். நமக்கும் அதே ஐயம் எழுந்தது. இளைஞரோ மறுமொழி கூறாமல் ஓர் ஆல்பத்தை விரித்தார்.

வெண்பட்டு உடுத்திய மணமகள் தனித்து நிற்கும் படத்தில் சேலை சாம்பல் பூத்து, முகம் கறுத்திருந்தது. கறுப்புக் கோட்டு அணிந்த மணமகனின் படத்தில் கோட்டு வெளிறி, முகம் சுண்ணாம்பு பூசியதுபோல் இருந்தது. பேசிய கூலியில் பாதியைத்தான் அவ்வீட்டார் கொடுத்தார்களாம். பணம் போனது பெரிதன்று. அந்த மணநாள் மீண்டும் வாராது அல்லவா?

பிழையின் காரணம் யாது? கேமராவினுள் இருக்கும் மானி, பொருளின்மேல் பட்டுத் திரும்பி வரும் ஒளியையே அளக்கிறது. எதிரே இருப்பது வெண்மையா கருமையா என்பதை அது அறியாது; எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே கொள்ளும். ஆகவே வெண்மையைக் கண்டால் ஒளியைக் குறைக்கச் சொல்லும். கருமையைக் கண்டால் கூட்டச் சொல்லும். இன்றைய கேமராக்கள் முகத்தைக் கண்டறிந்து இக்குறையை ஓரளவு நீக்குகின்றன, முற்றிலும் நீக்கிவிடுவதில்லை.

கைமானியோ பொருளின்மேல் வந்து விழும் ஒளியை அளக்கவல்லது. அதன் தலையில் பாதிப் பந்துபோன்ற வெண்ணிறக் குமிழ் ஒன்றிருக்கும். மணமகளின் முகத்தருகே அதைப் பிடித்து, கேமராவை நோக்கித் திருப்பி அளந்தால், சேலையின் நிறம் கணக்கைக் கெடுக்காது. இவ்வழியை 1930-களின் இறுதியில் நார்வுட் என்னும் அமெரிக்கர் வகுத்தார். அதற்குமுன் 1932-ஆம் ஆண்டிலேயே வெஸ்டன் நிறுவனத்தார் மின்கலத்தால் ஒளியளக்கும் மானியை விற்பனைக்குக் கொணர்ந்திருந்தனர்.

எத்தகைய மானியை வாங்குவது? நமக்கு நாமே சில கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

முதலாவது, பிளாஷ் பயன்படுத்துகிறோமா? பிளாஷ் ஒளி கண்ணிமைக்கும் நேரத்தில் மறைவது. அதை எல்லா மானிகளும் அளந்துவிடா. செக்கோனிக் நிறுவனத்தின் எல்-398ஏ பேட்டரியே இன்றி இயங்கும் நல்ல கருவி. ஆயினும் பிளாஷை அளக்காது. அதே நிறுவனத்தின் எல்-308எக்ஸ் ஒரேயொரு பென்சில் பேட்டரியில் இயங்கி, பிளாஷ், நிழற்படம், வீடியோ மூன்றுக்கும் உதவும்.

இரண்டாவது, வீடியோ எடுக்கிறோமா? நொடிக்கு 25 படங்கள் ஓடும் வீடியோவில் ஷட்டர் வேகத்தைப் பெரும்பாலும் 1/50 நொடியில் நிறுத்திவிடுகிறோம். நம் நாட்டு மின்சாரத்தில் எரியும் விளக்குகளின் துடிப்பும் அவ்வேகத்தில் பதிவாவதில்லை. எனவே லென்ஸின் துளை எண்ணையே நாம் காண வேண்டியிருக்கிறது. ஷட்டரை முதலில் நிறுத்திக்கொண்டு துளை எண்ணைக் கூறும் வசதி மானியில் உண்டா எனப் பார்க்க வேண்டும். இரண்டு கேமராக்கள் இயங்கும்போது இரண்டுக்கும் ஒரே அளவைக் கொடுக்கவும் கைமானி துணை செய்யும்.

மூன்றாவது, அருகே செல்ல இயலாத இடங்களில் படம் எடுக்கிறோமா? மேடையில் நிற்பவர் முகத்தைத் தொலைவிலிருந்தே அளக்க, 1 பாகை அளவான சிறு வட்டத்தை மட்டும் நோக்கும் ஸ்பாட் மானி உண்டு. அதன் விலை மிகுதி. திருமண வேலைக்குப் பெரும்பாலும் தேவைப்படாது. கோயிலிலும் திருச்சடங்கு தொடங்கும் முன்னரே பீடத்தருகே அளந்து குறித்துக்கொள்ளலாம்; செபிப்போருக்கும் இடையூறு இராது.

பழைய மானி மலிவாகக் கிடைக்கிறதே என்பாரும் உளர். செலீனியக் கலம் கொண்டவை காலப்போக்கில் வலுவிழக்கும். வேறு சில, இன்று விற்பனையில் இல்லாத பாதரச பேட்டரிக்கென அமைக்கப்பட்டவை. இக்காலப் பேட்டரியை இட்டால் தவறான அளவு காட்டக்கூடும். வாங்குமுன் மேகமற்ற நடுப்பகல் வெயிலில் பிடித்துப் பாருங்கள். ஐ.எஸ்.ஓ. 100, ஷட்டர் 1/100 அல்லது 1/125 என வைத்தால், துளை எண் ஏறத்தாழ 16 எனக் காட்ட வேண்டும்.

இவ்வளவும் பேசியபின் அந்த இளைஞரிடம் நாம் ஒன்றைக் கூறினோம்: "தம்பி, கருவி தேவைதான், ஆனால் அடகு தேவையில்லை. முதலில் சாம்பல் நிற அட்டை ஒன்று வாங்கு. மணமக்கள் நிற்கும் இடத்தில் அதைப் பிடிக்கச் செய்து, உன் கேமராவின் பார்வை முழுவதையும் அட்டையால் நிரப்பி அளந்து, அந்த அளவை மாற்றாமல் படம் எடு. கேமராவின் மானியே சரியான கணக்கைச் சொல்லும். பிளாஷை வைத்து ஒரு சோதனைப் படம் எடுத்துத் திரையில் பார்த்துக்கொள். அட்டையில் தேறியபின், உன் உழைப்பில் சேர்ந்த பணத்தில் மானி வாங்கு."

அவர் முகம் சற்று வாடியது. கடன் தந்து உதவுவோம் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ! மூன்று வாரம் கழித்து, ஒரு திருமணத்தின் முந்திய மாலையில் அவர் கோயிலுக்குள் தனியே நிற்கக் கண்டோம். பீடத்தின் முன் தாயாரை நிறுத்தி, அவர் கையில் சாம்பல் அட்டையைக் கொடுத்து, அளந்து அளந்து சிறு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தார். தாயார் கழுத்தில் சங்கிலி இருந்தது.